திரையில் 4000, ஆனால் 0ஐ விடப் பெரிதில்லை: முழுஎண் வீச்சுப் பிழையை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒரே அளவில் இருப்பதில்லை. எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து பார்க்க அக்காவின் மகள் ஒரு சிறு கருவி செய்தாள். கருவி பதிந்துவந்த எண்களை வாசித்துச் சூடாக மாற்றும் நிரலை வீட்டுக் கணினியில், நானும் இரண்டு நண்பர்களும் மாலை வேளைகளில் எழுதிவரும் சிறு சி கொம்பைலரில் (சி மொழி நிரலைக் கணினி ஓட்டும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தொகுத்தாள். ஓ0 இல், அதாவது நிரலை வேகப்படுத்தும் மாற்றங்கள் இல்லாமல் தொகுத்தபோது, ஏழு கிணற்றுக்கும் எண் சரியாக வந்தது. அந்த மாற்றங்களைச் செய்யும் ஓ2 இல் தொகுத்ததும் ஏழு கிணற்றுக்கும் ஒரே பதில்: “கருவி இணைக்கப்படவில்லை”.

“மாமா, 4000 என்று அச்சிடுது. அடுத்த வரியிலேயே அது 0ஐ விடப் பெரிசில்லை என்றும் சொல்லுது” என்றாள்.

4000 என்றால் 40.00 பாகை. நிரல் செய்தது மிக எளிது: எண் 0ஐ விடப் பெரிது என்றால் பதிவு செய், இல்லையென்றால் கருவி கழன்றுவிட்டது என்று சொல். அந்த ஒரு நிபந்தனைதான் ஓ2 இல் காணாமல் போயிருந்தது.

இந்த வகைப் பிழை எங்கள் சிறு கொம்பைலருக்கு மட்டும் உரியதல்ல. ஜிசிசி, எல்எல்விஎம் போன்ற பெரிய கொம்பைலர்களிலும் இதே இடத்தில் பிழைகள் வந்து திருத்தப்பட்டிருக்கின்றன. அதனால் நாங்கள் தேடிய வழியையும், அதே இடத்தில் வரக்கூடிய மற்ற அறிகுறிகளையும் எழுதி வைக்கிறேன்.

வீச்சு என்றால் என்ன

திருகோணமலையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அது தெரிந்தவர் வள்ளம் கட்டும்போது அந்த அளவுக்கே கயிறு விடுவார். கொம்பைலரும் அப்படித்தான். ஒரு மாறி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகலாம் என்று கணித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மதிப்பை 1023 உடன் பிட் வாரியாக ‘அன்ட்’ செய்தால் (இரண்டிலும் 1 உள்ள பிட்டுகளை மட்டும் வைத்தால்) விடை 0 முதல் 1023 வரைதான் இருக்கும். “ந 10ஐ விடச் சிறிது” என்ற நிபந்தனையின் உள்ளே ந இன் மேல் எல்லை 9. இப்படிக் கிடைக்கும் வீச்சை வைத்து, ஒருபோதும் உண்மையாகாத நிபந்தனைகளைக் கொம்பைலர் நீக்கிவிடும். வேகம் கிடைப்பது அதனால்தான். கணித்த வீச்சு உண்மையை விடக் குறுகலாக இருந்தால், நீக்கக் கூடாததை நீக்குவதும் அதே இடத்தில்தான்.

வீச்சு அகலமாகப் போனால் நிரல் கொஞ்சம் மெதுவாகும், பிழையாகாது. குறுகினால் பிழையாகும். தேடும்போது இதை மட்டும் மனதில் வைத்திருந்தால் பாதி இடங்களைப் பார்க்காமலே விடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: வாக்கை மீறியது யார்

ஓ0 இல் சரி, ஓ2 இல் பிழை என்றவுடன் கொம்பைலரைப் பிடிக்க வேண்டாம். பெரும்பாலும் பிழை நம் நிரலில்தான் இருக்கும். சி மொழியில் குறியுள்ள (எதிர்மறையும் ஆகக்கூடிய) முழுஎண் நிரம்பி வழிவது, அதாவது கணக்கின் விடை அதற்குரிய இடத்தில் அடங்காமல் போவது, வரையறுக்கப்படாத நடத்தை: அப்போது என்ன நடக்கும் என்று மொழி எதுவும் சொல்வதில்லை. வழியாது என்று நிரல் எழுதியவர் வாக்குக் கொடுத்துவிட்டதாகவே கொம்பைலர் எடுத்துக்கொள்ளும். குறியற்ற எண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை எல்லையைத் தாண்டினால் மறுமுனையிலிருந்து சுற்றி வரும் என்று மொழியே சொல்லிவிட்டது.

இரண்டு உதாரணம் போதும். “அ + 100 < அ” என்று எழுதி, வழிந்துவிட்டதா என்று சோதிப்பவர்கள் உண்டு. வழியாது என்ற வாக்கின்படி அந்த நிபந்தனை எப்போதும் பொய், ஆகவே கொம்பைலர் அதை நீக்கலாம். அடுத்தது எண்ணின் எதிர்மறைக் குறியை நீக்கித் தரும் ‘ஆப்ஸ்’ சார்பு. 32 பிட் எண்ணில் மிகச் சிறியது −2147483648, மிகப் பெரியது 2147483647. அந்தச் சிறிய எண்ணின் குறியை மாற்றினால் வைக்க இடமில்லை. ஆப்ஸ் தந்த விடை 0ஐ விடச் சிறியதல்ல என்று கொம்பைலர் நம்பும். அச்சிட்டால் −2147483648 என்றே வரலாம். நிபந்தனை மட்டும் அதை எதிர்மறை என்று ஏற்காது. பார்ப்பவருக்கு எங்கள் வீட்டு அறிகுறி போலவே தோன்றும், ஆனால் பிழை நிரலுடையது.

இதைப் பிரித்தறிய யூபிசான் என்ற சோதனைக் கருவி ஜிசிசியிலும், எல்எல்விஎம்மின் சி கொம்பைலரான கிளாங்கிலும் இருக்கிறது. தொகுக்கும்போது சானிடைஸ் கொடியில் (கொடி என்பது கொம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பக் குறிப்பு) ‘அன்டிஃபைன்ட்’ என்று கொடுத்தால், எண் வழிந்த வரியை ஓடும்போதே சொல்லும். அடுத்து, குறியுள்ள எண்களும் சுற்றி வரட்டும் என்று சொல்லும் ‘ராப்வி’ கொடியைப் போட்டுத் தொகுத்துப் பாருங்கள். அதில் பிழை மறைந்தால் நிரலில் எங்கோ எண் வழிகிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம்.

பலமாகச் சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன், முடிவு என்று அல்ல. வழியாது என்ற குறிப்பைக் கொம்பைலரே பிழையான இடத்தில் ஒட்டிவிட்டாலும் ராப்வி கொடியில் பிழை மறையும். யூபிசான் பேசாமல் இருப்பதும் முழு ஆதாரமாகாது. ஓடிய பாதையைத்தான் அது பார்க்கும், ஆரம்ப மதிப்புக் கொடுக்காத மாறியைக் கண்டுகொள்ளாது. அதற்கு வேல்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியிலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் நிரலில் இவை எல்லாம் சுத்தம். ஜிசிசியில் ஓ2 போட்டுத் தொகுத்தாலும் ஏழு கிணறும் சரியாக வந்தன. ஆகவே பிழை எங்கள் கொம்பைலரில்.

அறிகுறி: அச்சிட்டால் சரியான எண், நிபந்தனை மட்டும் பிழை

மதிப்பு சரி, முடிவு பிழை என்றால் கணக்குப் போடும் பகுதியில் தேட வேண்டாம். மதிப்பைப் பற்றிக் கொம்பைலர் எழுதி வைத்த குறிப்புத்தான் பிழை.

நிரலைக் குறுக்குவதுதான் முதல் வேலை. கோப்பு வாசிக்கும் பகுதியை நீக்கினோம், பிழை இருந்தது. ஏழு கிணற்று லூப்பை நீக்கி ஒரே எண்ணை வைத்தோம், இருந்தது. கடைசியில் மிஞ்சியது நாலு வரி: ஓர் எண்ணை எடுத்து 1023 உடன் அன்ட் செய், 40 ஆல் பெருக்கு, 16 பிட் குறியுள்ள மாறியில் வை, பிறகு 0ஐ விடப் பெரிதா என்று கேள். பெரிய நிரல் என்றால் இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சி-ரெடியூஸ் என்ற கருவி தானே குறுக்கித் தரும். ஒரு எச்சரிக்கை: குறுக்கும் வழியில் நிரலுக்குள் புதிதாக வரையறுக்கப்படாத நடத்தை நுழைந்துவிடலாம். அப்போது உங்கள் பிழையைத் தொலைத்துவிட்டு வேறொன்றைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் யூபிசான் சோதனையும் சேர்ந்து ஓடும்படி வையுங்கள்.

அடுத்தது எந்தப் பாஸ் என்று பிடிப்பது. பாஸ் என்பது நிரலின் மேல் கொம்பைலர் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தும் மாற்றச் சுற்றுகளில் ஒன்று. கொம்பைலர் செய்யும் மாற்றங்களை எண்ணி, குறித்த எண்ணிக்கைக்குப் பிறகு நிறுத்தும் வசதி எல்எல்விஎம்மில் இருக்கிறது, ஜிசிசியிலும் ஒரு வகையில் இருக்கிறது. உங்கள் கொம்பைலரில் இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள். ஒரு எண்ணியும் ஒரு நிபந்தனையும்தான் வேண்டும். பாதியில் நிறுத்து, பிழை இருக்கிறதா பார், இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்கு. 1000 மாற்றங்கள் இருந்தாலும் 10 ஓட்டத்தில் ஆள் அகப்படும். ஜிசிசியில் சந்தேகம் வீச்சுப் பாஸின் மேல் மட்டும்தான் என்றால் ‘நோ-ட்ரீ-விஆர்பி’ கொடியால் அதைத் தனியே நிறுத்திப் பார்க்கலாம்.

பாஸ் தெரிந்ததும் அது கணித்த வீச்சுகளை வரிவரியாக அச்சிட்டுப் படியுங்கள். ஜிசிசியில் இதற்கு ‘டம்ப்’ கொடிகள் உண்டு. எங்களுடையதில் வந்தது இதுதான்:

அன்ட் செய்த பிறகு: 0 முதல் 1023
40 ஆல் பெருக்கிய பிறகு: 0 முதல் 40920
16 பிட்டாகச் சுருக்கிய பிறகு: −24616 முதல் 0

மூன்றாவது வரியைப் பார்த்ததும் மருமகள் விரலை வைத்துவிட்டாள். 4000 அந்த வீச்சுக்குள் இல்லை.

நடந்தது என்னவென்றால், சுருக்கும் சார்பு இரண்டு முனைகளை மட்டும் எடுத்துச் சுருக்கியது. 0 அப்படியே 0. 40920 குறியுள்ள 16 பிட்டில் அடங்காது, ஏனென்றால் அதன் மேல் எல்லை 32767. சுற்றி வந்தால் 40920 − 65536 = −24616. இப்போது கீழ்முனை மேல்முனையை விடப் பெரிதாகிவிட்டது. அதைச் “சரிசெய்ய” எங்களில் ஒருவர் சிறியதை முன்னும் பெரியதைப் பின்னும் மாற்றி வைக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரிதான் வினை. முனைகள் இடம் மாறியது, வீச்சு இரண்டு துண்டாக உடைந்துவிட்டது என்பதற்கான அடையாளம். உண்மையான மதிப்புகள் 0 முதல் 32767 வரையும் −32768 முதல் −24616 வரையும் பரவியிருக்கின்றன. நாங்கள் வைத்திருந்ததோ அந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடம்.

நிரலில் குற்றமில்லை. கருவி 600க்கு மேல் ஒருபோதும் தராது, 600 × 40 = 24000, அது 16 பிட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் கொம்பைலருக்கு 1023 வரைதான் தெரியும். தெரிந்த அளவுக்கு அது அகலமாக நினைத்திருக்க வேண்டும்.

திருத்தம் இரண்டு நிபந்தனை. முதலாவது, மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உள்ள தூரம் 65536 அல்லது அதற்கு மேல் என்றால் விடை முழு வீச்சு: −32768 முதல் 32767. இதை விட்டுவிட்டால் 0 முதல் 65540 வரையுள்ள வீச்சின் முனைகள் 0, 4 என்று அழகாக வரிசையாக வந்து உங்களை ஏமாற்றும். இரண்டாவது, தூரம் அதற்குக் குறைவு, ஆனால் சுருக்கிய பிறகு கீழ்முனை மேல்முனையை விடப் பெரிது என்றால், அப்போதும் முழு வீச்சு. இரண்டும் இல்லையென்றால்தான் சுருக்கிய முனைகளை அப்படியே வைக்கலாம். எல்எல்விஎம் சுற்றி வரும் வீச்சையே ஒரு வீச்சாக எழுதி வைக்கக்கூடியது. அங்கே இரண்டாவது இடத்தில் இன்னும் குறுகலான விடை கிடைக்கும். எங்கள் அமைப்பில் அந்த வசதி இல்லை, முழு வீச்சே சரி.

முனைகளை மட்டும் பார்ப்பது பெருக்கலிலும் ஏமாற்றும். −3 முதல் 2 வரையுள்ளதை −4 முதல் 5 வரையுள்ளதால் பெருக்கினால் நாலு மூலைகளையும் பார்க்க வேண்டும்: 12, −15, −8, 10. ஆக வீச்சு −15 முதல் 12. கீழோடு கீழையும் மேலோடு மேலையும் மட்டும் பெருக்கியவருக்கு 10 முதல் 12 என்று வரும். 0 கூட அதற்குள் இல்லை.

திருத்தியதை நம்புவது எப்படி

இந்தப் பகுதியை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே ஊகத்துக்கே இடமில்லை. 32 பிட்டில் எல்லா வீச்சையும் சோதிக்க ஆயுள் போதாது. ஆனால் சார்பை பிட் அளவு எதுவாயினும் வேலை செய்யும்படி எழுதினால் 4 பிட்டில் எல்லாவற்றையும் சோதிக்கலாம். 4 பிட்டில் மதிப்புகள் 16. அவற்றில் அமைக்கக்கூடிய வீச்சுகள் 136. இரண்டு வீச்சுகளைச் சேர்த்துப் பார்த்தால் 18,496 சோடிகள். ஒவ்வொரு சோடிக்குள்ளும் உள்ள எல்லா எண்களையும் உண்மையில் பெருக்கிப் பார்த்தாலும் மொத்தம் 6,65,856 பெருக்கல். கண் சிமிட்டும் நேரம். எல்எல்விஎம்மின் சொந்தச் சோதனைகளிலும் வீச்சுக் கணக்கு இப்படிச் சிறு பிட்டில் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது.

சுருக்கலுக்கு 8 பிட்டிலிருந்து 4 பிட்டுக்குப் பார்த்தோம். 32,896 வீச்சுகள். ஒவ்வொரு உறுப்பையும் சுருக்கி, விடை கணித்த வீச்சுக்குள் விழுகிறதா என்று கேட்பது மட்டும்தான் சோதனை. பழைய சார்பு முதல் சில நொடிக்குள்ளேயே விழுந்தது. புதியது முழுதாகக் கடந்தது.

கூடவே எவ்வளவு இறுக்கமாகக் கணிக்கிறது என்றும் எண்ணி வையுங்கள். எப்போதும் முழு வீச்சையே தரும் சார்பும் இந்தச் சோதனையில் தேறிவிடும், ஆனால் அதனால் எந்தப் பயனும் இல்லை.

வீச்சுக் கணக்கு மட்டுமல்ல, ஒரு மாற்றம் முழுவதுமே சரியா என்று பார்க்க எல்எல்விஎம்முக்கு அலைவ்2 என்ற கருவி இருக்கிறது. மாற்றத்துக்கு முன் உள்ள குறியீட்டையும் பின் உள்ளதையும் கொடுத்தால், இரண்டும் பொருந்தாத ஒரு மதிப்பைத் தேடிக் காட்டும்.

அறிகுறி: ஒரு அச்சிடும் வரி சேர்த்தால் பிழை மறைகிறது

சுருக்கும் சார்பைத் திருத்திய இரண்டு வாரத்தில் இது வந்தது. இந்த அறிகுறியைப் பார்த்தால் வீச்சுக் கணக்கை விட்டுவிட்டு, கட்டளைகளை இடம் மாற்றும் பாஸ்களைப் பாருங்கள்.

ஒரு நிபந்தனை: ந 10ஐ விடச் சிறிது. உண்மைக் கிளையில் ந + 1 கணிக்கப்படுகிறது, பொய்க் கிளையிலும் அதே ந + 1. உண்மைக் கிளைக்குள் இருக்கும்போது ந + 1 இன் மேல் எல்லை 10 என்று கொம்பைலர் குறித்து வைத்தது, அது முழுக்கச் சரி. பிறகு வேறொரு பாஸ் வந்து, இரண்டு இடத்திலும் ஒரே கணக்குத்தானே என்று அதை நிபந்தனைக்கு மேலே தூக்கி ஒன்றாக்கியது. குறிப்பும் கூடவே ஏறிப் போனது. இப்போது பொய்க் கிளையில் “100ஐ விடப் பெரிதா” என்று கேட்டால், மேல் எல்லை 10 என்ற பழைய குறிப்பைப் பார்த்து அந்த நிபந்தனை நீக்கப்படும். ஒரு கிளையில் அச்சிடும் வரி சேர்த்தபோது கட்டளையின் இடம் மாறி, தூக்கி ஒன்றாக்குவதே நடக்கவில்லை. பிழை மறைந்ததற்குக் காரணம் அதுதான்.

இங்கே வீச்சுப் பாஸும் சரி, தூக்கும் பாஸும் தனித்தனியே சரி. அதனால்தான் இதைத் தேடுவது கடினம். திருத்தம்: கட்டளையை அதன் கிளைக்கு வெளியே நகர்த்தும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கிளையை நம்பி எழுதிய குறிப்பை அழித்துவிடுங்கள். வீச்சு மட்டுமல்ல, ‘வழியாது’ என்ற குறிப்பும் போக வேண்டும். ஜிசிசியில் இதற்கென்றே ஒரு சார்பு இருக்கிறது, எல்எல்விஎம்மிலும் நகர்த்தும்போது இத்தகைய கொடிகளைக் கழற்றுகிறார்கள். நாங்கள் நகர்த்துவதையும் அழிப்பதையும் ஒரே சார்புக்குள் வைத்து, பழைய நகர்த்தும் சார்பை வெளியிலிருந்து அழைக்க முடியாதபடி மூடிவிட்டோம். அடுத்த பாஸ் எழுதுபவர் மறக்க வழியில்லை.

அறிகுறி: லூப் முடிவதில்லை, அல்லது முடிந்த பிறகு வரும் சோதனை காணாமல் போகிறது

முடியாத லூப்புக்கு முதலில் நிரலையே பாருங்கள். 2013இல் ஜிசிசி 4.8 வந்தபோது, ஸ்பெக் 2006 வேகச் சோதனைத் தொகுப்பில் உள்ள, வீடியோவைச் சுருக்கும் எச்264 நிரல் முடிவில்லாமல் ஓடத் தொடங்கியது. அந்த நிரல் அணியின் எல்லைக்கு வெளியே ஒரு இடத்தை வாசித்தது. அப்படி வாசிக்கவே மாட்டார்கள் என்று நம்பிய கொம்பைலர், லூப் எத்தனை தடவை சுற்றும் என்பதை அணியின் அளவிலிருந்து கணித்து, முடிவுச் சோதனையையே நீக்கிவிட்டது. கொம்பைலரில் பிழையில்லை.

முடிந்த பிறகு வரும் சோதனை போவது வேறு. 0 முதல் 10க்குக் கீழ் வரை சுற்றும் லூப்பில், உடலுக்குள் எண்ணியின் வீச்சு 0 முதல் 9. வாசலில், அதாவது நிபந்தனை கேட்கப்படும் இடத்தில், 0 முதல் 10. வெளியே வந்த பிறகு 10 மட்டும். உடலின் வீச்சை வாசலுக்கும் எழுதிவிட்டால், லூப்புக்குப் பின் “10ஆ” என்று கேட்கும் நிபந்தனை நீங்கிவிடும். மூன்று இடத்துக்கும் தனித்தனி வீச்சு வேண்டும்.

அறிகுறி: எதிர்மறை எண் வரும்போது மட்டும் பிழை

குறியுள்ள வீச்சைக் குறியற்ற ஒப்பீட்டுக்கு அப்படியே கொடுத்திருப்பீர்கள். −1 முதல் 5 வரை என்பது 32 பிட் குறியற்ற பார்வையில் 0 முதல் 5 வரையும் கூடவே 4294967295உம். மாற்றும் இடத்தில் மேலே சொன்ன அதே உடைந்த துண்டுச் சோதனையைப் போடுங்கள்.

பிழை பெரிய கொம்பைலரில் என்றால்

பாஸை நிறுத்தும் கொடியைப் போட்டு அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் அதோடு விடாமல் அறிவியுங்கள். குறுக்கிய நிரல், கொம்பைலரின் பதிப்பு எண், கொடுத்த கொடிகள், எதிர்பார்த்த விடை, வந்த விடை, யூபிசான் எதுவும் சொல்லவில்லை என்ற தகவல், இவ்வளவும் இருந்தால் திருத்துபவரின் பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். பிழையான குறியீடு உருவாவதை அவர்கள் மிகக் கவனமாக எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பயன்படுத்துபவருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடை மாறிவிடுகிறது.

எங்கள் கொம்பைலரின் சோதனைக் கோப்புகளில் அந்த நாலு வரி நிரல் இப்போது சேர்ந்துவிட்டது. பெயர் ‘கன்னியா’. உள்ளிடும் எண்ணை நிரலில் நேரடியாக எழுதாமல் வெளியிலிருந்து வாசிக்கும்படி வைத்தோம், இல்லையென்றால் கொம்பைலர் தொகுக்கும்போதே விடையைக் கணித்துவிடும், வீச்சுப் பாஸுக்கு வேலையே வராது. 0, 100, 600, 819, 820, 1023 ஆகிய ஆறு எண்களுக்கும் ஓ0, ஓ2 விடைகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சோதனை. 819 × 40 = 32760, பெருக்கிய பிறகும் 16 பிட்டில் அடங்கும் கடைசி உள்ளீடு 819தான். 820இல் வழியத் தொடங்கும்.

கச்சான் காற்று ஓய்ந்த ஒரு மாலையில் மருமகள் மறுபடி கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றையும் அளந்து வந்தாள். ஓ2 இல் தொகுத்த நிரலில் ஏழுக்கும் எண் வந்தது. ஒரு படிக்கு 0.40 பாகை என்ற அளவு இந்தக் கிணறுகளுக்குப் போதாது என்று சொல்லி, இன்னும் நுணுக்கமான உணரி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.